ஓய்வுக்காலப் புது வீடு: கையில் மிஞ்சிய பணத்தை முதலில் எதில் போடுவது?



குடும்ப நல இலாகாவிலிருந்து பேச வந்திருக்கிறேன் என்றதும், "எங்களுக்கு எதுக்கம்மா இனிமே குடும்ப நலம்? அதெல்லாம் சின்னஞ்சிறுசுகளுக்குச் சொல்லுங்க" என்று பல ஊர்களில் பெரியவர்கள் சிரிப்பதுண்டு. சிரிப்பில் தவறில்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் ஊர்ச் சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைந்து, இரண்டு குழந்தை போதும் என்று சொன்னது இதே இலாகாதான். அதைக் கேட்டு இரண்டோடு நிறுத்திக்கொண்டவர்கள்தான் இன்று அறுபதைத் தொட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள். பிள்ளைகள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். ஒருவர் கோயமுத்தூர், ஒருவர் பெங்களூர். வீட்டில் மிச்சம் நீங்கள் இரண்டே பேர். 2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 13.6 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். இந்திய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். ஆகவே இப்போது குடும்ப நலம் என்றால் இந்த இரண்டு பேருடைய நலமும்தான். அந்த இரண்டு பேரும் கட்டியிருக்கும் புது வீட்டைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

ரிட்டயர்மெண்ட் பணம், பி.எப். பணம், நிலத்தில் ஒரு துண்டு விற்ற காசு, மகன் அனுப்பியது, எல்லாம் சேர்த்து வீடு எழும்பியாகிவிட்டது. தளம் போட்டு, பூச்சு வேலை முடிந்து, பாலும் காய்ச்சியாகிவிட்டது. சிலருக்கு இன்னும் பாதி வேலை இருக்கும். கையில் ஒரு லட்சமோ ஒன்றரை லட்சமோ மிச்சம். அதை எதில் போடுவது என்பதில்தான் குழப்பம் ஆரம்பமாகிறது. டைல்ஸ் கடைக்காரர் ஒன்று சொல்வார். பெயிண்டர் முன்பக்கத்துக்கு மூன்று கலர் அடிக்கலாம் என்பார். மைத்துனர் வந்து, "மாப்பிள்ளே, வாசல்ல ஒரு ஆர்ச் வச்சா எடுப்பா இருக்கும்" என்பார். மகள் போனில் பால்ஸ் சீலிங் போடச் சொல்வாள். மகன், "மாடியில ஒரு ரூம் எடுத்துடுங்கப்பா, நாங்க வந்தா தங்க வேணாமா" என்பான்.

இவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் இவர்கள் யாரும் அந்த வீட்டில் இருக்கப் போகிறவர்கள் அல்ல. கிரகப் பிரவேசத்தன்று வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள், சாப்பிடுவார்கள், போய்விடுவார்கள். பத்து வருஷம் கழித்து, ராத்திரி இரண்டு மணிக்கு, கரண்ட் இல்லாத நேரத்தில், முழங்கால் வலியோடு எழுந்து நடக்கப் போகிறவர் நீங்கள். அந்த நேரத்துக்கு இந்த வீடு எப்படி இருக்கும் என்பதை வைத்துத்தான் செலவை முடிவு செய்ய வேண்டும் என்று நான் சொல்கிறேன். என் கணக்கில் முதல் செலவு கட்டிலிலிருந்து கழிப்பறை வரையுள்ள வழிக்கு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? கீழே விழுவதை நாம் ஒரு பெரிய நோயாக எண்ணுவதில்லை. "வழுக்கி விழுந்துட்டா, நேரம் சரியில்லை" என்று விட்டுவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன கணக்கு, விழுந்ததன் காரணமாக உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,84,000 பேர் இறக்கிறார்கள். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் பெரும்பகுதி அறுபதைத் தாண்டியவர்கள். தாய்மார்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பின் உறுதி வேகமாகக் குறைகிறது. அப்போது உயரத்திலிருந்து விழ வேண்டியதில்லை, நின்ற நிலையில் சரிந்தாலே இடுப்பை ஒட்டித் தொடை எலும்பு முறிந்துவிடும். அதற்கு ஆபரேஷன் செய்ய வேண்டும். படுக்கையிலேயே விட்டுவிட்டால் முதுகில் புண், நுரையீரலில் சளிக்காய்ச்சல், காலில் ரத்தக் கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பல குடும்பங்களில் பாட்டி விழுந்து மூன்று நாலு மாதத்தில் போய்விட்டார் என்று சொல்வார்களே, அது இப்படித்தான்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு தம்பதி. அவர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசை ஆசையாகக் கட்டிய வீடு. முன்பக்கத்தில் ஆள் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளவென்று கிரானைட் படி. கழிப்பறையோ புழக்கடைக் கோடியில், வீட்டிலிருந்து நாற்பது அடி தூரத்தில். மழைக்காலத்தில் ஒருநாள் விடியற்காலை அந்த அம்மா பின்வாசல் படியில் இறங்கும்போது சறுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் நல்லபடியாக ஆபரேஷன் ஆனது, வாக்கர் பிடித்து நடக்கச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. குளியலறைக் கதவின் அகலம் இரண்டடி. வாக்கர் உள்ளே போகவில்லை. அடுப்படிப் பக்கமே போகாத மனிதர் சமைக்கவும் கற்றுக்கொண்டு, மனைவியைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்கு அழைத்துப் போகவும் கற்றுக்கொண்டார். பிறகு நிலையைப் பெயர்த்து, சுவரை இடித்து, ஒட்டிய டைல்ஸை உடைத்து, மறுபடியும் கட்டினார்கள். கட்டும்போதே செய்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவைப் போல இரண்டு மடங்கு ஆனது.

வேலை முடியாமல் இருப்பவர்கள் ஒரு விஷயத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் போகிற வேலை எதுவோ, அதை முதலில் முடித்துவிடுங்கள். கதவு நிலை, குழாய், ஒயரிங், தரையின் வாட்டம், படியின் உயரம் இவையெல்லாம் அந்த வகை. சுவர்மேல் ஒட்டுகிற வேலை, அதாவது பெயிண்ட், அலமாரிக் கதவு, அலங்கார விளக்கு, இதையெல்லாம் அடுத்த வருஷம் அறுவடை முடிந்து செய்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது.

கழிப்பறைக்கு வருவோம். இதில்தான் நான் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாய்மார்கள் தனியாக உட்கார்ந்து பேசும்போது என்னிடம் சொல்வது ஒன்று உண்டு. வீட்டுக்காரர்கள் இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நான் தண்ணியே குடிக்கிறதில்லம்மா. குடிச்சா ராத்திரி எழுந்திருக்கணும். பின்னாடி இருட்டு, பூச்சி பொட்டு கெடக்கும். அவரை எழுப்பவும் மனசு வரல." இதை ஒருவர் இருவர் அல்ல, போகிற ஊரிலெல்லாம் சொல்கிறார்கள். பகலில் வெயிலில் வேலை, மாலையில் தண்ணீரைக் குறைப்பது, வந்த சிறுநீரையும் விடியும்வரை அடக்கிக்கொள்வது. இதன் பலன் நீர்க்கடுப்பு, சிறுநீர்ப் பாதையில் கிருமி, மலச்சிக்கல். சர்க்கரை நோயும் இருந்தால் கேட்கவே வேண்டாம். இதற்கு நாங்கள் மாத்திரை கொடுக்கலாம், கொடுக்கிறோம். ஆனால் கழிப்பறை நாற்பது அடி தள்ளி இருட்டில் இருக்கும்வரை அந்த மாத்திரை எத்தனை நாளைக்கு?

ஆகவே கழிப்பறை படுக்கும் அறையை ஒட்டி இருப்பதே நல்லது. "வீட்டுக்குள்ளேயா? சாமி கும்பிடுற வீட்டுல நாத்தம் வராதா?" என்று பெரியவர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பேசினுக்குக் கீழே உள்ள வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் மூடி. நாற்றமோ கரப்பானோ அதைத் தாண்டி மேலே வராது. நாற்றம் வந்தால், அந்த வளைவு இல்லாமல் மேஸ்திரி குழாயை நேராக இறக்கிவிட்டார், அல்லது செப்டிக் டேங்குக்குக் காற்றுக்குழாய் வைக்கவில்லை என்று அர்த்தம். உயரத்தில் ஒரு சிறு ஜன்னல் வைத்துக் கொசுவலை அடித்துவிட்டால் போதும். சாமி அறைச் சுவர் ஒட்டக்கூடாது என்று நினைத்தால் எதிர்ப்பக்கச் சுவரில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. தூரத்தைக் குறைத்தால் எனக்குப் போதும்.

ஏற்கெனவே கொல்லையில் கட்டி முடித்தாயிற்று, மாற்ற முடியாது என்கிறீர்களா? அப்படியானால் பின்வாசலிலிருந்து கழிப்பறை வரை மூன்றடி அகலத்தில் சொரசொரப்பாகச் சிமெண்ட் பாதை போடுங்கள். மேலே தகரமோ ஷீட்டோ போட்டு மழை படாமல் செய்யுங்கள். பாதையில் ஒரு விளக்கு, அதன் சுவிட்ச் வீட்டுக்குள்ளே. பாதை ஓரமாகக் கையில் பிடித்துப் போக இரும்புக் குழாய் ஒன்று. இவ்வளவு செய்தாலும், வாசல் ஆர்ச்சுக்குக் கேட்கிற தொகையில் பாதிகூட ஆகாது.

உள்ளே எப்படி இருக்க வேண்டும்? கதவு அகலம் குறைந்தது இரண்டே முக்கால் அடி, மூன்றடியானால் இன்னும் நல்லது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே ஒருவர் மயங்கிக் கதவின் மேலேயே சரிந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கிற கதவை வெளியிலிருந்து தள்ள முடியாது. உடைக்கத்தான் வேண்டும். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து ஒரு காசை வைத்துத் திருப்பினால் திறக்கிற மாதிரி கடையில் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

உட்காரும் பேசின் விஷயத்தில் வீட்டுக்கு வீடு சண்டை. "காலம் பூரா குத்தவச்சுப் பழகிட்டோம், வெஸ்டர்னெல்லாம் நமக்கு எதுக்கு" என்பார் ஒருவர். இன்றைக்கு முடிகிறது, சரி. முழங்கால் தேய்ந்தவர்களால் குந்தி உட்கார முடிந்தாலும் எழுந்திருக்க முடியாது. எழும்போது பக்கெட்டையோ குழாயையோ பிடிப்பார்கள். குழாய் முறிந்து ஆளும் விழுவார். இருவர் மட்டுமே இருக்கும் வீட்டில் ஒரே கழிப்பறை கட்ட முடியுமென்றால், நாற்காலி மாதிரி உட்காரும் வகையே போடுங்கள், தரையிலிருந்து பதினாறு முதல் பதினெட்டு அங்குல உயரம் இருக்கட்டும். இரண்டு கட்ட வசதியிருந்தால் ஒன்று அப்படி, ஒன்று இப்படி. பழைய பேசின் பதித்தாகிவிட்டது என்றால் அதன் மேல் வைக்கிற நாற்காலி மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. நாலு காலிலும் ரப்பர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பக்கத்துச் சுவரில் கைப்பிடிக் கம்பி ஒன்று. துரு ஏறாத ஸ்டீல், கைக்கு அடங்குகிற ஒன்றரை அங்குலக் கனம், சுவரிலிருந்து இரண்டு அங்குலம் இடைவெளி. இது டவல் போடுகிற கம்பி அல்ல. ஒரு ஆள் முழுப் பாரத்தையும் அதில் போட்டு எழுந்திருப்பார். ஆகவே பூச்சில் ஆணி அடித்தால் பிடுங்கிக்கொண்டு வரும், செங்கல்லுக்குள் போல்ட் இறங்க வேண்டும். பொருத்திய பிறகு வீட்டில் கனமான ஆளை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிவிடலாம். இத்தனை ரூபாய் போட்டுக் கட்டிய வீட்டில் இந்த ஆயிரம் ரூபாய்ச் சாமானை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

குழியைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பேருக்குப் பெரிய செப்டிக் டேங்க் தேவையில்லை. இரட்டைக் குழிக் கழிப்பறை போதும், செலவும் குறைவு. 2014-ல் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியபோது கிராமங்களில் அதிகம் வலியுறுத்தப்பட்ட முறை அதுதான். ஒரு குழி நிறைந்ததும் அடுத்ததற்குத் திருப்பிவிட்டு, நிறைந்த குழியை ஒன்றரை இரண்டு வருஷம் மூடி வைத்தால், உள்ளே இருப்பது நாற்றமில்லாத எருவாகிவிடும். ஒரே ஒரு கண்டிப்பு, கிணறும் கைப்பம்பும் குழியிலிருந்து 10 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும், நிலத்தடி நீர் மேலாகவே நிற்கிற ஊரானால் இன்னும் எச்சரிக்கை தேவை. செப்டிக் டேங்க்தான் கட்டியிருக்கிறீர்கள் என்றால், அதைச் சுத்தம் செய்ய லாரியைக் கூப்பிடுங்கள். காசு மிச்சம் பார்த்து ஆளை உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு அடித்து ஒரு நிமிஷத்தில் உயிர் போகும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும்கூட.

அடுத்தது தரை. நம் வீடுகளில் முன்பு சிவப்புக் காவிச் சிமெண்ட் தரை இருந்தது. ஈரமானால் அதுவும் வழுக்கும்தான், ஆனால் இப்போது போடுகிற கண்ணாடி மாதிரி டைல்ஸ் அளவுக்கு இல்லை. "சேச்சே, தொடைக்க ஈசி, பளிச்சுனு இருக்குமே" என்பீர்கள். ஹாலில் போட்டுக்கொள்ளுங்கள். குளியலறை, சமையலறை, பின்வாசல், படி, இந்த நாலு இடத்தில் மட்டும் சொரசொரப்பான டைல்ஸ் கேளுங்கள். மேட் என்று கடைக்காரரிடம் சொன்னால் புரியும். கடையிலேயே ஒரு டைல் மேல் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்துப் பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார், சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். குளியலறைத் தரையில் வாட்டம் சரியாக இருந்து தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டும், தேங்கின இடத்தில்தான் பாசி பிடிக்கும். அறைக்கு அறை அரை அங்குலம், ஒரு அங்குலம் என்று சின்னச் சின்ன மேடுகள் வைக்கிறார்களே, அதுதான் ஆபத்து. பெரிய படி கண்ணுக்குத் தெரியும். சின்ன மேடு தெரியாது, கால் பெருவிரல் இடிக்கும். சர்க்கரை நோயாளிக்குக் கால் மரத்திருப்பதால் இடித்ததும் தெரியாது, புண் பெரிதான பிறகுதான் தெரியும்.

வெளிச்சம். கட்டிலில் படுத்தபடியே கை எட்டுகிற இடத்தில் ஒரு சுவிட்ச். அதே விளக்கைக் கதவருகிலும் அணைக்கிற மாதிரி இருவழி சுவிட்ச் போடச் சொல்லுங்கள், எலக்ட்ரீஷியனுக்கு அது அரைமணி நேர வேலை. கழிப்பறை வழியில் ராத்திரி முழுக்க எரிகிற ஜீரோ வாட் பல்பு ஒன்று. இப்போதைய எல்.இ.டி. பல்பு அரை வாட்தான் எடுக்கும், கரண்ட் பில்லைப் பற்றிக் கவலையே வேண்டாம். மின்சார போர்டில் ஆர்.சி.சி.பி. என்று ஒரு கருவி, 30 மில்லி ஆம்பியர் அளவில் போடுங்கள். ஈரக்கையோடு ஹீட்டரைத் தொட்டு ஷாக் அடித்தால் கண் இமைக்கும் முன் கரண்டை நிறுத்திவிடும். எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

இங்கே வீட்டோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தூக்கத்திலிருந்து எழுந்ததும் விறுக்கென்று நிற்காதீர்கள். நின்றதும் அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கட்டில் ஓரமாகக் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்து, பிறகு எழுந்திருங்கள். அடிக்கடி சுற்றுகிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தின் அளவை அவர் பார்த்துக்கொள்வார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இனி வாசல் படி. தண்ணீர் வராமல் இருக்கவும், வீடு உயர்ந்து தெரியவும் நாம் மூன்றடி மேடைமேல் வீடு கட்டுகிறோம். வெள்ளம் வருகிற ஊரில் அது அவசியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் படி எட்டு அங்குலம், பத்து அங்குலம் என்று செங்குத்தாக இருந்தால் எழுபது வயதில் அது மலை. ஆறு அங்குல உயரம், ஒரு அடி அகலம், எல்லாப் படியும் ஒரே அளவு, இருபுறமும் பிடிக்கக் கம்பி. இதுதான் கணக்கு. சரிவுப் பாதை போட ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மூன்றடி மேடைக்கு முப்பத்தாறு அடி. அவ்வளவு இடம் இல்லாமல் பைக் ஏற்றுவதற்காகச் செங்குத்தாகப் போடுகிற சரிவில் மனுஷன் நடந்தால் உருண்டு விழ வேண்டியதுதான். அதைச் சரிவுப் பாதை என்று நம்பி யாரும் ஏறாதீர்கள்.

மாடி அறை பற்றிக் கேட்கிறீர்கள். பிள்ளைகள் பொங்கலுக்கு வந்து இரண்டு நாள் தங்குவதற்காகக் கையில் இருக்கிற மொத்தத்தையும் போட்டு மாடி எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பிள்ளைகள் ஹாலில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்கள், பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் சந்தோஷமும்கூட. வருஷம் முழுக்க அந்த மாடியைக் கூட்டிப் பெருக்க ஏறி இறங்குகிறவர் யார்? மாடிப்படியில் விழுகிறவர் யார்? மகன்தான் அந்தப் பணத்தைத் தருகிறார் என்றால், "தம்பி, அதைக் கீழே பாத்ரூமுக்குக் குடுப்பா" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால் கேட்கிற பிள்ளைகள்தான். நாம்தான் சொல்வதில்லை.

மாடிக்குப் பதிலாக மொட்டை மாடித் தளத்துக்கு வெள்ளையடியுங்கள். சுண்ணாம்பு போதும். கான்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க வீட்டுக்குள் கக்கும். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பும். சித்திரை வைகாசியில் வயதானவர்களுக்கு உடம்புச் சூடு ஏறி மயக்கம் வருவதைப் பார்க்கிறோம். இதில் வாளிச் சுண்ணாம்பு செய்கிற உதவி பெரிது, மழையில் கரைந்தால் அடுத்த வருஷம் மறுபடி அடித்துக்கொள்ளலாம். மேலே ஏறும்போதே தண்ணீர்த் தொட்டி மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள். டெங்குக் கொசு சாக்கடையில் அல்ல, நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்துவிட்டால் ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்துப் படுக்கலாம்.

தோட்டத்து வீட்டில் தனியாக இருப்பவர்கள் கம்பிக் கதவு, காம்பவுண்டு பற்றிக் கவலைப்படுவது சரியான கவலையே. போடுங்கள். ஆனால் பூட்டினால் சாவி கையெட்டும் ஓர் இடத்தில், இருவருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். தீப்பிடித்தாலோ நெஞ்சுவலி வந்தாலோ சாவி தேட நேரமிருக்காது. 108 வண்டி வந்தால் ஸ்ட்ரெச்சர் நுழைகிற அகலம் வாசலிலும் படுக்கும் அறையிலும் இருக்க வேண்டும். அதற்கும் அந்த மூன்றடிக் கணக்குதான்.

சமையல் மேடையின் உயரத்தை மேஸ்திரியோ வீட்டுக்காரரோ முடிவு செய்ய வேண்டாம். அந்த மேடையில் நிற்கப் போகிறவர் நேரே போய் நின்று, முழங்கையை மடக்கி, அதற்கு ஒரு சாண் கீழே கோடு போட்டுக் காட்டட்டும். பொதுவாகவே இந்த முடிவுகளில் வீட்டு அம்மாவின் பேச்சு எடுபடுவதில்லை என்பதை நான் கவனித்து வருகிறேன். "ஏங்க, பின்னாடி ஒரு லைட்டு போடலாமேங்க" என்று அவர் மூன்று முறை சொல்லியிருப்பார். "மொதல்ல முன்னாடி முடியட்டும் புள்ள" என்று இவர் மூன்று முறை தள்ளியிருப்பார். வாசலை நாலு பேர் பார்ப்பார்கள், பின்கட்டை யார் பார்க்கிறார்கள் என்ற எண்ணம்தான். அய்யாமார்களே, அதே பின்கட்டில் நீங்களும் நடக்கப் போகிறீர்கள்.

ஆகவே மேஸ்திரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். இன்று ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து கட்டிலிலிருந்து கழிப்பறை வரை மெதுவாக நடந்து பாருங்கள். கையில் ஒரு கரித்துண்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கே கை சுவரைத் தேடுகிறதோ அங்கே ஒரு கோடு, எங்கே கால் தயங்குகிறதோ அங்கே ஒரு கோடு. காலையில் மேஸ்திரி வந்ததும் அந்தக் கோடுகளைக் காட்டிக் கணக்குக் கேளுங்கள். போன மாதம் ஒரு ஊரில் இப்படிச் செய்துவிட்டு ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். "எல்லாம் போட்டும் நாப்பதாயிரம் மிச்சம் இருக்கும்மா. இப்பவாவது ஆர்ச் வச்சுக்கலாமா?" என்றார். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், படிக்கு வெளிச்சம் விழுகிற மாதிரி அதில் ஒரு பல்பும் மாட்டிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.